ஸ்பிரே கேனில் பைக் பெயிண்ட்: எந்த பிரைமர், எதற்கு மேல்?

பின்சக்கரம்:

வணக்கம். ஒரு பழைய பைக்கின் டேங்க், முன் மட்கார்டு, இரண்டு சைடு பேனல் எல்லாவற்றையும் கழற்றி வைத்திருக்கிறேன். கம்ப்ரஸர், கன் கிடையாது. முழுக்க ஸ்பிரே கேன்தான். பாகங்களின் நிலை:

டேங்க்: வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம், பட்டி போட்டே ஆக வேண்டும். மூடியைச் சுற்றி பெயிண்ட் உப்பியிருக்கிறது, நகத்தால் நெம்பினால் சில்லு சில்லாக வருகிறது.

மட்கார்டு: இரும்பு. உள்விளிம்பில் துரு, ஓட்டை விழவில்லை. பள்ளம் இல்லை.

சைடு பேனல்: பிளாஸ்டிக். பழைய பெயிண்ட் கெட்டியாகத்தான் இருக்கிறது. இரண்டு மூன்று கீறல் மட்டும் பிளாஸ்டிக் வரை இறங்கியிருக்கிறது.

மேலே சிவப்பு பேஸ் கோட், அதன் மேல் டூ-கே கிளியர் (ஹார்டனர், அதாவது இறுகவைக்கும் திரவம் கலந்து அடிக்கும் நிறமில்லாத மேல்பூச்சு) என்று முடிவு. குழப்பம் பிரைமரில்தான். எட்ச், எபாக்சி, ஃபில்லர், ரெட் ஆக்ஸைடு, பிளாஸ்டிக் பிரைமர் என்று ஐந்து வகை இருக்கிறது. ஒரே வகையில் எல்லாவற்றையும் முடிக்க முடியுமா?

பட்டி மேஸ்திரி:

முடியாது நண்பரே. மேலே என்ன கலர் வரப்போகிறது என்பதை வைத்து பிரைமர் எடுக்கக் கூடாது, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். உங்கள் டேங்க் ஒன்றிலேயே வெறும் தகடு, பட்டி, பழைய பெயிண்ட் என்று மூன்று விதமான பரப்பு வரப்போகிறது.

முதலில் பழைய பெயிண்ட் எந்த ஜாதி என்று தெரிய வேண்டும். வெள்ளைத் துணியில் லேக்கர் தின்னரை நனைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துத் தேயுங்கள். துணியில் கலர் ஏறாமல் பரப்பும் மங்காமல் இருந்தால் அது நன்றாக இறுகிய பெயிண்ட், அதன் மேல் தைரியமாக அடிக்கலாம். கலர் ஒட்டினாலோ பரப்பு பிசுபிசுத்தாலோ அது கேன் பெயிண்ட் அல்லது பழைய லேக்கர். அதன் மேல் நேராக அடித்தால் பிரைமரில் இருக்கும் கரைப்பான் கீழே இறங்கி, பெயிண்ட் காய்ந்த திராட்சை மாதிரி சுருங்கும். அப்படிப்பட்டதை மொத்தமாக உரித்துவிடுவதே மேல்.

டேங்க் வேலை தொடங்கும் முன் ஒன்று: பெட்ரோலை வடித்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். காலி டேங்குக்குள் நிற்கும் ஆவிதான் நிறைந்த டேங்கை விட மோசம். நன்றாகக் கழுவி, காற்றாட விட்டு, வாயை அடைத்துவிட்டு, கையாலேயே தேயுங்கள். கிரைண்டர், டிரில்லில் மாட்டும் கம்பி பிரஷ் எதுவும் அருகில் வரக் கூடாது, பொறி பறக்கும்.

வெறும் தகட்டுக்கு என் ஓட்டு டூ-கே எபாக்சி கேனுக்கு. ஈரத்தை உள்ளே விடாது, பட்டியும் அதன் மேல் நன்றாகப் பிடிக்கும். வரிசை இது: உப்பிய பெயிண்ட் முழுவதையும் 80 நம்பர் உப்புத்தாளில் தகடு பளபளக்கும் வரை எடுங்கள். சுற்றியுள்ள நல்ல பெயிண்டின் விளிம்பை 180, பிறகு 320 தாளில் சரிவாக இழையுங்கள். விரலை ஓட்டினால் படி தட்டக் கூடாது. கிரீஸ் ரிமூவரை ஒரு துணியால் ஈரமாகப் பூசி, அது உலர்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். ஒரே துணி என்றால் எண்ணெய் இடம்தான் மாறும். பிறகு எபாக்சி இரண்டு கோட்.

எபாக்சி இறுகியதும் 180 தாளில் லேசாகச் சொரசொரப்பாக்கி, பள்ளத்தில் பட்டி. 80இல் வடிவம் கொண்டுவந்து, 180, 320 என்று மெருகேற்றுங்கள். அதன் மேல், சின்னக் கீறல்களை நிரப்பும் ஃபில்லர் பிரைமர் மூன்று கோட்.

எபாக்சி கேனில் பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. அடியில் உள்ள பொத்தானை அழுத்தி ஹார்டனரை உடைத்துவிட்டதில் இருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். உள்ளேயே இறுகிவிடும், மிச்சத்தை அடுத்த மாதத்துக்கு எடுத்துவைக்க முடியாது. ஆகவே டேங்கும் மட்கார்டும் இரண்டுமே தேய்த்துத் துடைத்துத் தயாரான பிறகுதான் பொத்தானில் கை வைக்க வேண்டும்.

சில்வர் கம்பி:

மேஸ்திரி சொன்ன டேங்க் வரிசை சரி. மட்கார்டுக்கு மட்டும் மாற்றுக் கருத்து. அங்கே பட்டி இல்லை, வெறும் இரும்புதான், எட்ச் பிரைமர் போதும்.

எட்சில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலம் இரும்பின் மேற்பரப்பை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்கிறது, அதன் பலம் அவ்வளவுதான். அது பள்ளம் நிரப்பாது, தனியாக ஈரத்தையும் தடுக்காது. எனவே மெல்லிசாக ஒன்றிரண்டு கோட் மட்டும். அடித்து முடித்த பிறகும் தகட்டின் நிறம் நிழலாகத் தெரிந்தால் அதுதான் சரியான அளவு. 'இன்னும் மூடவில்லையே' என்று மூன்றாவது, நான்காவது கோட் போட்டால் அமிலம் உள்ளே சிக்கிக்கொண்டு, பிறகு தோல் மாதிரி உரியும். கேனில் குறித்திருக்கும் நேரத்துக்குள் மேலே ஃபில்லர் பிரைமர் போட்டு மூடிவிடுங்கள்.

எட்ச் மேல் பட்டி போடக் கூடாது, எபாக்சியும் அடிக்கக் கூடாது. அமிலம் இரண்டையும் ஒழுங்காக இறுக விடாது. எட்ச் எடுத்துவிட்டு எபாக்சியையும் சேர்த்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

உள்விளிம்புத் துருவுக்கு: மேலே தேய்த்தால் மட்டும் போகாது. குழிக்குள் கரும்புள்ளியாக நிற்பதும் துருதான். கம்பி பிரஷாலும் 80 தாளாலும் போன மட்டும் எடுங்கள். அதற்கு மேல் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி போட்டால், தண்ணீரில் கழுவி, உடனே சூடான காற்றில் உலர்த்துங்கள். ரெட் ஆக்ஸைடை கேட், கிரில்லுக்கு விட்டுவிடுங்கள். கேன் பேஸ் கோட்டின் தின்னருக்கு அது தாக்குப்பிடிக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

பம்பர் பாலு:

சைடு பேனலை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

நன்றாக ஒட்டியிருக்கும் பெயிண்டை உரிக்காதீர்கள். உரிக்கும் கெமிக்கல் பிளாஸ்டிக்கையே கடித்துவிடும். 320இல் பளபளப்பு போகும் வரை தேய்த்தால் போதும், அதன் மேல் ஃபில்லர் பிரைமர் நேராகப் பிடிக்கும். பிரச்சினை பிளாஸ்டிக் தெரியும் கீறலில் மட்டும்தான்.

பேனலின் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், எழுத்து பொறித்திருக்கும். ஏபிஎஸ் என்றால் கவலை குறைவு, நன்றாகத் தேய்த்திருந்தால் சாதாரண பிரைமரே பிடிக்கும். பிபி என்றோ அதோடு சேர்ந்து வேறு எழுத்தோ இருந்தால் பாலிப்ரோப்பிலீன் வகை, அதில் சாதாரண பிரைமர் நேராக ஒட்டாது. எழுத்தே இல்லையா? உள்பக்கத்தில் ஒரு துணுக்கைச் சீவி, பெயிண்ட் இல்லாமல் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பிபி பக்கம், மூழ்கினால் ஏபிஎஸ் பக்கம்.

பிபி என்றால் கீறல் இடங்களில் மட்டும் பிளாஸ்டிக் பிரைமர், அதாவது கண்ணாடி மாதிரி தெளிவாக வரும் ஒட்டுப் பூச்சு. மெல்லிய ஒரே கோட். இதைத் தேய்க்கக் கூடாது, காய விட்டு வைக்கவும் கூடாது. பெரும்பாலானவற்றில் பத்து நிமிடம் முதல் அரை மணிக்குள் அடுத்த கோட் வந்தாக வேண்டும். எனவே ஃபில்லர் பிரைமர் கேனைக் குலுக்கித் தயாராக வைத்துக்கொண்டுதான் இதை எடுக்க வேண்டும்.

பின்சக்கரம்:

எல்லோருக்கும் நன்றி. டேங்குக்கு எபாக்சி, மட்கார்டுக்கும் அதே வேளையில் அதே கேன் எபாக்சியே. எட்ச் தனியாக வாங்கவில்லை. பேனல் திருப்பிப் பார்த்தேன், ஏபிஎஸ்தான். இன்னும் இரண்டு கேள்வி. ஃபில்லர் பிரைமர் அடித்துவிட்டு ஒரு வாரம் விட்டு கலர் அடிக்கலாமா? சிவப்புக்குக் கீழே சாம்பல் பிரைமர் போதுமா?

பட்டி மேஸ்திரி:

ஒரு வாரம் விடலாம், ஆனால் வீட்டுக்குள், ஈரம் படாத இடத்தில். ஃபில்லர் பிரைமர் ஸ்பாஞ்ச் மாதிரி, தண்ணீரை உறிஞ்சும். வெளியே வைத்து மழையோ பனியோ பட்டால், அந்த ஈரம் கிளியருக்கு அடியில் மாட்டிக்கொண்டு பின்னால் கொப்புளமாக வெளிவரும். வாட்டர் பேப்பரில் தேய்த்தாலும் இதே கதைதான். தேய்த்ததும் துடைத்து, வெயிலில் சில மணி நேரம் வைத்த பிறகே கலர்.

அவசரமும் கெடுக்கும். பிரைமர் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. உள்ளே தின்னர் மிச்சமிருக்கும்போது கலர் அடித்தால், அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் பிரைமர் சுருங்கி, பட்டி போட்ட இடத்தின் ஓரம் வளையமாகத் தெரியும், தேய்த்த கோடுகளும் எழும்பும். சோதனை எளிது: நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது, உப்புத்தாளில் தேய்த்தால் மாவாக உதிர வேண்டும். தாளில் உருண்டை உருண்டையாக அப்பிக்கொண்டால் இன்னும் காயவில்லை.

தேய்க்கும் முன் கறுப்பு கேனால் தூரத்தில் இருந்து ஒரு தூவல் தூவிவிடுங்கள், பொடிப் பொடியாகப் புள்ளி விழுந்தால் போதும். தட்டையான கட்டையில் தாளைச் சுற்றி 400இல் தேய்க்கும்போது மேடு முதலில் சாம்பலாகும், பள்ளத்தில் கறுப்பு நிற்கும். கறுப்பு நிற்கிற இடத்தை விரலால் குடைந்து தேய்க்காதீர்கள், அது பள்ளத்தை ஆழமாக்கும். அங்கே இன்னும் இரண்டு கோட் பிரைமர் போட்டுத் திரும்பத் தேயுங்கள். தகடோ எபாக்சியோ எட்டிப் பார்க்க ஆரம்பித்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கடைசியாக 600இல் ஒரு ஓட்டம்.

சில்வர் கம்பி:

சிவப்பு கேள்விக்கு: சிவப்பு, மஞ்சள் இரண்டும் மூடும் சக்தி குறைந்த கலர்கள். கரும் சாம்பல் மேல் சிவப்பு அடித்தால் அழுக்கு மெரூன் தட்டும், மூட மூட கோட் எண்ணிக்கை ஏறும். வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் எடுங்கள். அதைவிட முக்கியம், டேங்க், மட்கார்டு, பேனல் எல்லாவற்றிலும் கடைசி பிரைமர் ஒரே நிறமாக இருக்க வேண்டும். டேங்குக்கு வெள்ளை, பேனலுக்கு சாம்பல் என்றால், மாட்டி நிறுத்தியதும் ஒரே கேன் சிவப்பு இரண்டு சிவப்பாகத் தெரியும்.

அளவு: 400 மில்லி கேன் ஒன்று ஃபில்லர் பிரைமருக்குச் சுமார் ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் தேய்த்து அடிக்கவும் சேர்த்து இரண்டு கேன். பந்து ஓசை வந்ததில் இருந்து இரண்டு நிமிடம் குலுக்கல், 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம், ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். பாகத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி வெளியே விடுங்கள். கோட்டுக்கு இடையே பத்து நிமிடம்.

டேங்க் வாயைச் சுற்றி டூ-கே கிளியர் மூடியின் ரப்பர் உட்காரும் விளிம்பைத் தாண்டி உள்பக்கம் வரை போக வேண்டும். விளிம்பில் பிரைமர் திறந்து நின்றால் சிந்தும் பெட்ரோல் அந்த வழியாகத்தான் நுழையும், உங்கள் பழைய பெயிண்ட் அந்த இடத்தில் உப்பியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அந்தக் கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைப் பாதிக்கும் ரசாயனம் உண்டு. தூசிக்குக் கட்டும் துணி மாஸ்க் அதற்கு ஆகாது. கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜும் துகள் ஃபில்டரும் உள்ள முகமூடி, கண்ணாடி, கையுறையோடு திறந்த இடத்தில் அடியுங்கள்.