சித்தியின் மொபைல் ஹோம் பார்க்கில் வாடகை உயர்வு, நகர மன்றத்தில் ஹியரிங்: என்ன செய்யலாம்?

குடந்தைப் பெண்:

வணக்கம். என் சித்திக்காகக் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திக்கு 71 வயது. கலிபோர்னியாவில் சான்டியேகோ கவுண்டியில் எஸ்கொண்டிடோ என்ற ஊரில், ஒரு மொபைல் ஹோம் பார்க்கில் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைத்த வீடுகள் வரிசையாக நிற்கும் இடம்) தனியாக இருக்கிறார். சித்தப்பா இருந்தபோது வாங்கிய வீடு. வீடு சித்தியுடையது, அது நிற்கிற இடம் பார்க் முதலாளியுடையது. கும்பகோணத்தில் தாத்தா வீடு கோயில் மனையில் இருந்தது, மாதாமாதம் அடிமனை வாடகை கட்டுவோம். சித்தி இதையும் அதே மாதிரிதான் நினைத்துக்கொண்டு, இத்தனை வருடமும் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி வருகிறார். இப்போது மனை வாடகை 812 டாலர். அவருக்கு வருவது சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியப் பணம் மட்டும்தான்.

போன வாரம் மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன.

ஒன்று, நகரத்திலிருந்து கடிதம். பார்க் முதலாளி "ஷார்ட் ஃபார்ம்" என்ற முறையில் வாடகை உயர்வு கேட்டு விண்ணப்பித்திருக்கிறாராம். நகர மன்றமே வாடகை மறுஆய்வு வாரியமாக உட்கார்ந்து விசாரிக்குமாம். குடியிருப்பவர்கள் கூடி ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் இருக்கிறது. ஒரு தனியார் இடத்தின் வாடகையைக் கவுன்சிலர்கள் எப்படி முடிவு செய்ய முடியும்? எனக்குப் புரியவே இல்லை.

இரண்டு, மேனேஜர் ஒரு 5 வருட லீஸைக் கையில் கொடுத்து, இதில் கையெழுத்துப் போட்டால் ஹியரிங் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குள் தாருங்கள் என்றிருக்கிறார்.

மூன்று, பார்க்கை விற்றுவிட்டு அங்கே அபார்ட்மென்ட் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஆனால் சித்தி இரண்டு நாளாகத் தூங்கவில்லை. "வீட்டை எங்கேடி தூக்கிக்கொண்டு போவேன்?" என்று போனில் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கையெழுத்துப் போடலாமா? ஹியரிங்கில் போய்ப் பேசினால் பலன் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதிதாக வந்தவன்:

கலிபோர்னியா முழுவதற்கும் வாடகை உச்சவரம்பு இருக்கிறதே, ஏபி 1482 என்ற மாநிலச் சட்டம். 5 சதவீதமும் விலைவாசி உயர்வும் சேர்த்து, அதிகபட்சம் 10 சதவீதம். அதற்கு மேல் போக முடியாது. பயப்படாதீர்கள்.

பார்க்கில் 19 வருடம்:

தம்பி, நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள், ஆனால் அது இங்கே பொருந்தாது. ஏபி 1482 வீட்டையே வாடகைக்கு எடுப்பவர்களுக்கு. சொந்த வீட்டை வைத்துக்கொண்டு மனைக்கு மட்டும் வாடகை கொடுப்பவர்கள் அதற்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு சிவில் கோடு 798-இல் தொடங்குகிற மொபைல் ஹோம் குடியிருப்புச் சட்டம் என்று தனியாக ஒன்று உண்டு. அது நோட்டீஸ், லீஸ், வெளியேற்றம் எல்லாவற்றுக்கும் விதி சொல்கிறது, வாடகை எவ்வளவு ஏறலாம் என்று மட்டும் பொதுவாகச் சொல்வதில்லை. அந்த அளவை வைப்பது அந்தந்த ஊர். பல ஊர்களில் எதுவுமே இல்லை. எஸ்கொண்டிடோவில் இருக்கிறது.

அம்மா, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். நானும் அதே ஊரில் வேறொரு பார்க்கில் 19 வருடமாக இருக்கிறேன். இரண்டு முறை எங்கள் பார்க்கின் பிரதிநிதியாக இருந்திருக்கிறேன்.

கவுன்சிலர்கள் ஏன் முடிவு செய்கிறார்கள்? 1988-இல் இந்த ஊர் வாக்காளர்கள் புரொபொசிஷன் கே என்ற வாக்கெடுப்புத் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். மொபைல் ஹோம் மனை வாடகைகளை 1986-இல் இருந்த அளவுக்குத் திருப்பிக் கொண்டுபோய், இனி நகர மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் ஏற்றக்கூடாது என்று வைத்தார்கள். பார்க் முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. எங்கள் நிலத்தை அரசு பறித்துக்கொண்டதற்குச் சமம் இது என்று வழக்குப் போட்டு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 'யீ எதிர் எஸ்கொண்டிடோ நகரம்' என்ற அந்த வழக்கில் 1992-இல் தீர்ப்பு வந்தது. வாடகையைக் கட்டுப்படுத்துவது நிலத்தைக் கைப்பற்றுவது ஆகாது என்று ஒன்பது நீதிபதிகளும் நகரத்தின் பக்கம் நின்றார்கள். அந்தத் தீர்ப்பிலேயே ஒரு விஷயம் வரும்: மொபைல் ஹோம் என்ற பெயரே ஆளைக் குழப்புகிறது, நூற்றில் ஒன்றுதான் வைத்த இடத்தை விட்டு நகர்கிறது, ஏனென்றால் நகர்த்தும் செலவு வீட்டு விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும் என்று. உங்கள் சித்தி கேட்டாரே, எங்கே தூக்கிக்கொண்டு போவேன் என்று, அதேதான். இந்தச் சட்டம் எதற்காக வந்தது என்பதற்கு அவருடைய அந்த ஒரு கேள்வி போதும்.

இப்போது ஷார்ட் ஃபார்ம். இதில் கணக்கு ஒன்றுதான்: நுகர்வோர் விலைக் குறியீடு எவ்வளவு ஏறியதோ அதில் 75 சதவீதம். உதாரணத்துக்கு, குறியீடு 4 சதவீதம் ஏறியிருந்தால் வாடகை 3 சதவீதம் ஏறும். சித்தியின் 812 டாலருக்கு அது சுமார் 24 டாலர். லாங் ஃபார்ம் என்றால் வேறு கதை. அதில் சொத்து வரி, பராமரிப்புச் செலவு, பக்கத்துப் பார்க்குகளின் வாடகை, கடைசியாக எப்போது ஏற்றினார்கள், தருகிற வசதியின் தரம் என்று 11 அம்சங்களைப் பார்ப்பார்கள். முதலாளி கணக்குப் புத்தகத்தோடு வருவார், நாமும் நிபுணரைத் தேட வேண்டிவரும். உங்களுக்கு வந்தது ஷார்ட் ஃபார்ம் என்பது நல்லதுதான்.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு மனம் உடையக்கூடாது. ஷார்ட் ஃபார்ம் ஹியரிங்கில் எழுந்து நின்று, என் வருமானம் இவ்வளவுதான், என்னால் கட்ட முடியாது என்று சொன்னால் கவுன்சிலர்கள் கவனமாகக் கேட்பார்கள், ஆனால் கணக்கு மாறாது. முதல் முறை நான் அப்படித்தான் பேசினேன். எங்கள் பார்க்கில் பாதிப்பேர் அப்படித்தான் பேசினார்கள். எல்லோரும் அழுத முகத்தோடு வீடு திரும்பினோம்.

பலன் இருப்பது இன்னொரு இடத்தில். விண்ணப்பம் வந்தால் விதிமீறல்களைக் கண்காணிக்கிற நகரத்தின் கோடு என்ஃபோர்ஸ்மென்ட் ஆட்கள் பார்க்கின் பொது இடங்களை வந்து பார்ப்பார்கள். இருட்டிய பிறகு விளக்கு எரிகிறதா என்று பார்க்கத் தனியாக வருவார்கள். அவர்கள் எழுதுகிற அறிக்கை முதலாளிக்கும் போகும், குடியிருப்பவர்களின் பிரதிநிதிக்கும் வரும். அதில் குறித்த பாதுகாப்பு, சுகாதாரக் குறைகளைச் சரிசெய்யாத வரை, மன்றம் ஒப்புதல் கொடுத்தாலும் உயர்வை அமலுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் நீங்களே ஒரு மாலை சித்தியோடு பார்க்கைச் சுற்றி நடந்து வாருங்கள். எரியாத விளக்கு, சாலைக் குழி, லாண்ட்ரி அறையில் தொங்குகிற ஒயர், எதையும் விடாமல் போட்டோ எடுத்து, இடத்தையும் தேதியையும் எழுதி நகரத்தின் வீட்டுவசதிப் பிரிவுக்கு அனுப்புங்கள். இரண்டாவது முறை நாங்கள் அதைத்தான் செய்தோம்.

ஒப்புதல் வந்த பிறகும் முதலாளி 90 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்த பின்புதான் புதிய வாடகை கேட்க முடியும். இது மாநிலச் சட்டம்.

லீஸில் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டாம். 798.18-இன்படி 12 மாத ஒப்பந்தமோ, கேட்டால் அதைவிடக் குறைவானதோ தரவேண்டியது பார்க்கின் கடமை. 5 வருடம் என்பது இரண்டு பக்கமும் விரும்பினால் மட்டுமே. முன்பெல்லாம் 12 மாதத்துக்கு மேற்பட்ட லீஸில் கையெழுத்துப் போட்டால் உள்ளூர் வாடகைக் கட்டுப்பாடு உங்களுக்கு இல்லாமல் போய்விடும். பலர் அது தெரியாமலே போட்டுவிட்டுத் தவித்தார்கள். 2020-இல் வந்த ஏபி 2782 அந்த வழியை மூடியது. 2020 பிப்ரவரி 13 முதல் போட்ட புதிய லீஸ்களுக்கு அந்த விலக்கு இல்லை, பழையவற்றுக்கும் 2025 ஜனவரி 1-ஓடு முடிந்தது. இருந்தாலும், லீஸுக்குள் உயர்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வழக்கறிஞர் படிக்காமல் போடவேண்டாம்.

இன்னொரு கேள்வி. சித்தி வருடத்தில் சில மாதம் ஊருக்குப் போய் வருவாரா?

குடந்தைப் பெண்:

ஐயா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அப்படியே பிரிண்ட் எடுத்து சித்திக்குப் படித்துக் காட்டினேன். ஆமாம், மார்கழி, தை இரண்டு மாதமும் கும்பகோணத்தில்தான் இருப்பார். ஏன் கேட்டீர்கள்?

பார்க்கில் 19 வருடம்:

798.21 என்று ஒரு பிரிவு இருக்கிறது. வீடு முதன்மை வசிப்பிடம் இல்லை என்றால் அந்த மனைக்கு உள்ளூர் வாடகைக் கட்டுப்பாடு கிடையாது. இரண்டு மாதம் ஊருக்குப் போவதால் மட்டும் அது மாறாது. ஆனால் ஓட்டுநர் உரிமம், வருமான வரி, வாக்காளர் பதிவு எல்லாவற்றிலும் இந்த முகவரியே இருக்கட்டும். இது முதன்மை வசிப்பிடம் இல்லை என்று பார்க் நிர்வாகம் நினைத்தால் முதலில் எழுத்தில் சொல்ல வேண்டும், பதில் சொல்ல 90 நாள் உண்டு. சித்தி கும்பகோணத்தில் இருக்கும்போது கடிதம் வந்து, பிரிக்காமல் கிடந்துவிடக்கூடாது. அந்த இரண்டு மாதமும் தபாலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலோ ஆல்ட்டோ பக்கத்து ஊர்:

பார்க்கை விற்பது பற்றிக் கேட்டீர்களே அக்கா, அதற்கு நான் சொல்கிறேன்.

இங்கே பாலோ ஆல்ட்டோவில் எல் கமினோ ரியல் சாலையில் புவெனா விஸ்டா என்று ஒரு பார்க் இருக்கிறது. சுமார் 400 பேர் குடியிருந்தார்கள். 2012-இல் உரிமையாளர்கள் மூடப்போகிறோம் என்றார்கள். அந்த ஊரில் நிலத்தின் விலை என்னவென்று உங்களுக்கே தெரியும். விசாரணை மேல் விசாரணை நடந்தது. வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பது, அந்தக் குழந்தைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தை இழப்பதற்கு என்ன மதிப்பு என்பதெல்லாம் பேசப்பட்டது. 2015-இல் நகர மன்றம் மூடலுக்கு ஒப்புதல் கொடுத்தது. நான் அப்போது அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவேன். ஒவ்வொரு நாளும் அந்த வாசலைப் பார்க்கும்போது மனது கனக்கும். ஆனால் குடியிருந்தவர்கள் விடவில்லை, வழக்கு நடத்தினார்கள். நகரமும் கவுண்டியும் பணம் போட, 2017-இல் சான்டா கிளாரா கவுண்டியின் வீட்டுவசதி ஆணையம் 40.4 மில்லியன் டாலருக்கு அந்த இடத்தை வாங்கியது. பார்க் இன்றும் இருக்கிறது.

அதனால் பேச்சைக் கேட்டுப் பயப்படாமல் தாளைப் பாருங்கள். நகரத்தின் பிளானிங் கவுண்டரில் போய், இந்த நிலத்துக்குப் பொதுத் திட்டத்தில் (ஊரின் நீண்டகால நில உபயோகத் திட்டம்) என்ன வகை, சோனிங் (அங்கே என்ன கட்டலாம் என்ற விதி) என்ன, இதன் மீது ஏதாவது விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பொது ஆவணம், யாரும் கேட்கலாம். மொபைல் ஹோம் பார்க்குக்கென்றே தனி நில வகை வைத்திருக்கிற ஊர்களில், அபார்ட்மென்ட் கட்ட முதலில் பொதுத் திட்டத்தையே திருத்த வேண்டும், அதற்குப் பொது விசாரணை வேண்டும். சான் ஹோசே அப்படிச் செய்திருக்கிறது.

நில உபயோகத்தை மாற்ற நகர மன்றத்துக்குப் போவதென்றால், அதற்கு 60 நாள் முன்பே குடியிருப்பவர்களுக்கு நோட்டீஸ் தரவேண்டும். மூடுவதால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்று அறிக்கையும் தரவேண்டும். அனுமதி எல்லாம் கிடைத்த பிறகும் வெளியேறக் குறைந்தது 6 மாதம் உண்டு. வேறு பார்க்கில் ஏற்ற இடம் கிடைக்காதவர்களுக்கு, வீடு அது நிற்கிற இடத்திலேயே விற்றால் என்ன விலை போகுமோ அந்த விலையைக் கொடுக்க வேண்டும். இதுவும் ஏபி 2782 கொண்டுவந்ததுதான். முன்பு நகர்த்துகிற செலவை மட்டும் கொடுத்து அனுப்பிய ஊர்கள் உண்டு.

குடந்தைப் பெண்:

ஹியரிங் நேற்று முடிந்தது.

முதலில் பிளானிங் கவுண்டர். எந்த விண்ணப்பமும் இல்லை என்றார்கள். சித்தி அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

லீஸில் கையெழுத்துப் போடவில்லை. 12 மாத ஒப்பந்தம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள்.

பார்க்கைச் சுற்றி இரண்டு மாலை நடந்தோம். சித்தி கையில் டார்ச், என் கையில் போன். வழியில் பார்த்த பக்கத்து வீட்டு பிலிப்பைன்ஸ் பாட்டியும் சேர்ந்துகொண்டார், அப்புறம் மெக்சிகோக்காரர் ஒருவர். பின்பக்கத் தெருவில் ஐந்து விளக்கு எரியவில்லை, கிளப்ஹவுஸ் படிக்கட்டின் கைப்பிடி ஆடுகிறது. எல்லாம் அறிக்கையில் வந்துவிட்டது. மன்றம் கணக்குப்படி உயர்வை ஒப்புக்கொண்டது, அந்த வேலைகள் முடியும்வரை அமலுக்கு வராது. சித்தி ஆங்கிலத்தில் நாலு வரி பேசினார். வாடகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் படிக்கட்டில் தான் ஒருமுறை தடுக்கி விழப் பார்த்ததை மட்டும் சொன்னார்.

இப்போது எல்லோரும் சேர்ந்து ஒரு சங்கம் வைக்கலாம் என்று பேசுகிறார்கள். கூட்டத்துக்கு கிளப்ஹவுஸ் கேட்டால் மேனேஜர் 200 டாலர் டெபாசிட், இன்சூரன்ஸ் தாள் எல்லாம் கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?

பார்க்கில் 19 வருடம்:

கொடுக்க வேண்டாம். 798.51-ஐ அச்சடித்துக் கையில் கொடுங்கள். பார்க் வாழ்க்கை பற்றிப் பேசக் குடியிருப்பவர்கள் கூடும் கூட்டத்துக்கு, அந்த இடம் வேறு உபயோகத்தில் இல்லாத நேரத்தில், டெபாசிட்டோ இன்சூரன்ஸோ கேட்கக்கூடாது.

சங்கம் வைத்ததும் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயரையும் முகவரியையும் முதலாளிக்கு எழுத்தில் கொடுங்கள், பார்க்கை வாங்கக் குடியிருப்பவர்களுக்கு விருப்பம் உண்டு என்றும் எழுதுங்கள். பார்க்கை விற்க புரோக்கரிடம் ஒப்பந்தம் போடுவதானால் அந்த மூவருக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று 798.80 சொல்கிறது. இரண்டையும் எழுதிக் கொடுக்காத சங்கத்துக்கு அந்த நோட்டீஸ் வராது. வாங்கும் விருப்பத்தை வருடா வருடம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரு வருடம் மறந்தால்கூட அந்த உரிமை நழுவிவிடும்.