வீட்டில் குறி சொல்வது இங்கே குற்றமா? பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போவாராம்

சாட்ஸ்வர்த் மருமகள்:
வணக்கம். நான் மதுரைப் பக்கம், கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து நாலு வருஷம் ஆகிறது. என் கணவருடைய பெரியம்மா வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குப் பின்னால், முன்பு கார் நிறுத்திய கொட்டகையில், மாரியம்மன் படம் வைத்துக் குறி சொல்வார். உடுக்கை அடித்து, வெற்றிலையில் சூடம் ஏற்றி, அருள் வந்ததும் வாக்குச் சொல்லத் தொடங்குவார். இவ்வளவு கொடு என்று யாரிடமும் கேட்டதில்லை, வருகிறவர்கள் தாம்பாளத்தில் ஐம்பதோ நூறோ ரேண்ட் வைத்துவிட்டுப் போவார்கள். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, சூனிய ஒழிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, போலீஸில் சொன்னால் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கத்தினார். அப்படி ஒரு சட்டம் நிஜமாகவே இருக்கிறதா? வீட்டில் கேட்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

பீனிக்ஸ் பையன்:
அக்கா, பேப்பரைத் திறந்தால் கைரேகை, ஜாதகம், பிரிந்த காதலரைச் சேர்த்துவைப்பது என்று பாதிப் பக்கம் விளம்பரம்தான். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு உங்கள் பெரியம்மாவைத் தேடி யார் வரப்போகிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரருக்கு உடுக்கைச் சத்தம்தான் பிரச்சினை, அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சட்டம் பேசுகிறார்.

பழைய கோர்ட்டு குமாஸ்தா:
சட்டம் இருக்கிறது அம்மா. 1957ஆம் வருஷத்து 3ஆம் எண் சட்டம், 1970இல் ஒரு முறை திருத்தினார்கள். அதன் முதல் பிரிவின் கடைசி உட்பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஆதாயத்துக்காக மந்திர சக்தி இருப்பதாகக் காட்டிக்கொள்வது குற்றம், குறி சொல்ல முன்வருவது குற்றம், அப்புறம் நம் ஊரில் மை போட்டுப் பார்ப்பது என்போமே, தொலைந்த நகை எங்கே இருக்கிறது என்று வித்தையால் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்வது, அதுவும் குற்றம். தண்டனை 200 ரேண்டுக்கு மேற்படாத அபராதம் அல்லது இரண்டு வருஷம் வரை சிறை. இருநூறு ரேண்ட் அந்தக் காலத்தில் பெரிய பணம், இன்றைக்குக் கறிக்கடையில் மீதி வாங்காமல் வரலாம்.

ஆதாயம் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பெரியம்மா கேட்டு வாங்கவில்லை, தாம்பாளத்தில் வைத்தது அம்மனுக்கு என்று நீங்கள் சொல்வீர்கள். வாரா வாரம் விழுகிறதே, அதில்தானே வீட்டுக்கு அரிசி வாங்குகிறீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்கும். இரண்டு பக்கமும் பேச இடம் உண்டு.

இன்னொரு வேடிக்கை. இங்கிலாந்தில் 1735இல் போட்ட சூனியச் சட்டத்தை அவர்களே 1951இல் தூக்கி எறிந்துவிட்டார்கள். அதற்கு ஆறு வருஷம் கழித்து இங்கே புதிதாக எழுதி வைத்தார்கள்.

லெனேசியா அக்கா:
குறி சொல்பவர்களைப் பிடிக்க ஒரு சட்டம் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரோபோவில், அதாவது சிக்னலில், சிவப்பு விழுந்து நின்றபோது கார் கண்ணாடி வழியாக ஒரு துண்டுக் காகிதம் நீட்டினார்கள். மகனுக்கு வேலை போன நேரம், எனக்கும் புத்தி போயிருந்தது. முதல் நாள் 300 ரேண்ட், பிறகு தோஷம், பிறகு தோஷத்துக்குள் ஒரு தோஷம், கடைசியில் முட்டையை உடைத்து உள்ளேயிருந்து கறுப்பு நூல் எடுத்துக் காட்டினான், மொத்தம் 6,500 ரேண்ட் போயிற்று. சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ரேண்ட் வரை கேட்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை, முதலில் பதினாலு நாள் கெடு வைத்து ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றார்கள். சரி, கடிதத்தை எந்த விலாசத்துக்குக் கொடுப்பது? அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான்.

பழைய கோர்ட்டு குமாஸ்தா:
லெனேசியா அக்கா, உங்கள் விஷயத்துக்கு 1957 சட்டமே தேவையில்லை. நூலை முட்டைக்குள் அவனே வைத்தது சாதாரண மோசடி. அதை மோசடி என்றே புகார் கொடுக்கலாம். சாமி பெயரைச் சொன்னதால் மோசடி வேறாகிவிடாது.

பீனிக்ஸ் பையன்:
எனக்கு ஒரு சந்தேகம். 2007இல் மூக்குத்தி வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம் நம் பக்கம்தானே தீர்ப்புச் சொன்னது? இதே டர்பனில்தான், பள்ளிக்கூடத்தில் மூக்குத்தி போடக் கூடாது என்றார்கள். மதம் கட்டாயம் என்று சொல்லாவிட்டாலும், அந்தப் பெண் தன் தமிழ் இந்துப் பண்பாடு என்று விரும்பிப் போட்டுக்கொள்வதற்கும் பாதுகாப்பு உண்டு என்றது கோர்ட்டு. அப்படியிருக்க அருள்வாக்கு மட்டும் எப்படிக் குற்றமாகும்?

பழைய கோர்ட்டு குமாஸ்தா:
நல்ல கேள்வி தம்பி. அரசமைப்பு 1996இல் வந்தது, அதன் 15ஆம் பிரிவு சமய நம்பிக்கைக்குச் சுதந்திரம் கொடுக்கிறது, பழைய சட்டத்தோடு மோதினால் அதுதான் மேல். காவடி, தீமிதி, ஆடி மாதக் கூழ் ஊற்றும் போரிட்ஜ் பிரேயர், இவற்றில் எதையும் 1957 சட்டம் தொடவே இல்லை, வீண் பயம் வேண்டாம். குறி சொல்வது பற்றித்தான் பேச்சு. தங்களைச் சூனியக்காரர் என்று பெருமையாகவே சொல்லிக்கொள்ளும் பேகன் என்ற இயற்கை வழிபாட்டுக்காரர்கள் 2007இலேயே இந்தச் சட்டத்தை எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். சட்டச் சீர்திருத்த ஆணையம் 2016இல் விவாத அறிக்கை வெளியிட்டு, இதை எடுத்துவிட்டு வேறொன்று கொண்டுவரலாம் என்றது. ஆனால் நாடாளுமன்றம் எடுக்கும்வரை அல்லது கோர்ட்டு செல்லாது என்று சொல்லும்வரை ஏட்டில் இருப்பது இருப்பதுதான்.

சாட்ஸ்வர்த் மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. இன்னொன்று இருக்கிறது, முதலில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பெரியம்மா சாதாரண நேரத்தில் இங்கிலீஷ்தான் பேசுவார், அருள் வந்தால் மட்டும் தமிழ். வருகிறவர்களுக்குப் பாதி புரியாது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் எடுத்துச் சொல்வது நான். போன மாதம் ஒரு பெண் வந்தாள், பிள்ளைக்கு அடிக்கடி வலிப்பு வருகிறது என்று. பெரியம்மா ஒரே மூச்சில், "ஓரகத்தி கையடி, வாசல்ல எலுமிச்சம்பழம் புதைச்சிருக்கா" என்றார். ஓரகத்திக்கு இங்கிலீஷில் ஒற்றைச் சொல் ஏது? உங்கள் கணவருடைய தம்பி மனைவி என்று விரித்துச் சொன்னேன். அவள் கணவருக்கு இருப்பதே ஒரு தம்பி. அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஓரகத்திக்குத் தூரத்து உறவாம், நேற்றுத்தான் தெரிந்தது.

பழைய கோர்ட்டு குமாஸ்தா:
இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா மகளே. நான் பாட்டுக்கு இருநூறு ரேண்ட் அபராதம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அதே முதல் பிரிவின் முதல் உட்பிரிவு இதுதான். இன்னாருக்கு நோயோ கெடுதலோ வந்தது இன்னார் மந்திரத்தால் என்று ஒருவர் மேல் பழி போடுவது. அதற்குத் தண்டனை பல மடங்கு, பழி சுமந்தவர் கொல்லப்பட்டால் 20 வருஷம் வரை போகும். யார் செய்தது என்று ஆளைக் காட்டச் சொல்லி ஒருவரை அமர்த்துவதும் தனிக் குற்றம். சட்டம் உண்மையில் இதற்காகத்தான் வந்தது. சட்டம் வந்த பிறகும் 1990களில் வடக்கே, இப்போது லிம்போபோ என்கிறோமே அங்கே, சூனியக்காரி என்று கைகாட்டிக் கிழவிகளை வீட்டோடு எரித்தார்கள், 1995இல் ரலுஷாய் என்ற பேராசிரியர் தலைமையில் ஆணையம் போட்டு விசாரிக்க வேண்டிவந்தது. அங்கேயும் யாரோ ஒருவர் பெயரைச் சொன்னதில்தான் ஆரம்பித்தது. சமயச் சுதந்திரம் என்று இதற்கு எந்தக் கோர்ட்டிலும் இடம் கேட்க முடியாது, நானே கேட்க மாட்டேன்.

லெனேசியா அக்கா:
தங்கச்சி, முதலில் அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னீர்களா? வலிப்புக்கு மாத்திரை இருக்கிறது.

சாட்ஸ்வர்த் மருமகள்:
சொன்னேன் அக்கா, பெரியம்மாவும் சொன்னார், பிள்ளைக்கு வைத்தியம் நடக்கிறது. நேற்று இரவு பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் பேசினேன். அருளில் சொன்னது தனக்கு ஞாபகமே இல்லை என்கிறார், பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். ஆனால் என் வாயால் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தட்டுக்காசு இனி வேண்டாம், பெயரோ உறவோ வந்தால் எடுத்துச் சொல்ல மாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு, நான் சொன்னது தப்பு, ஓரகத்தி மேல் ஒன்றும் இல்லை என்று இப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடட்டுமா?

பழைய கோர்ட்டு குமாஸ்தா:
வாட்ஸ்அப்பில் வேண்டாம், அது பத்துப் பேர் கைக்குப் போகும். உங்கள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். அந்தப் பெண்ணின் கணவரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.