சங்க வேலை முடிந்ததும் அப்பா ஒடுங்கிப்போனார், வழி சொல்லுங்கள்

மூணாறு உறவுகளுக்கு வணக்கம். அப்பா எஸ்டேட் தொழிற்சங்கமே கதி என்று வாழ்ந்தவர். 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்று திரண்ட தேயிலைத் தோட்டப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தபோது, சங்கத் தலைவர்களையும் சேர்த்தே எதிர்த்தார்கள். அது அவரை உலுக்கிவிட்டது. ஓய்வுபெற்று எஸ்டேட் குடியிருப்பான லயத்தைக் காலி செய்த பிறகு பேச்சே குறைந்துவிட்டது. பழைய நோட்டீஸ்களை மடியில் வைத்துக்கொண்டு, "யாருக்காக இப்படி ஓடினேன்?" என்கிறார். வாழ்ந்த வாழ்க்கையை ஏற்பதா, நொந்துபோவதா என்பதே முதுமையின் போராட்டம் என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் சொன்னதை அவரிடம் கண்ணால் பார்க்கிறேன்.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலும் பேசலாம், சரி. ஆனால் போனில் மனம்விட்டுப் பேச மறுக்கிறார். அடிமாலி, போடி பக்கம் தமிழில் நேரில் பேசும் மனநல ஆலோசகர் யாராவது தெரியுமா? அப்புறம், அவரோடு கொடி பிடித்த தோழர்கள் ஒருமுறை வந்து பேசினால் பெரிய உதவி.