மைப்பேனா சேக்கணும், எதுல ஆரம்பிக்கலாம்?

ஸ்கூல்ல ஹீரோ பேனால எழுதினதோட சரி, இப்ப திரும்ப ஆசை வந்துருச்சு. மாசம் ஒண்ணா சேக்கலாம்னு பாக்குறேன், முதல்ல எது வாங்கலாம்?

மைக்கறை: மாசம் ஒண்ணெல்லாம் வேணாம் ப்ரோ, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், இப்ப பாதி பேனா மை காஞ்சு நிப் அடைச்சு டிராயர்ல கிடக்கு. லாமி சஃபாரி ஒண்ணு வாங்குங்க, 1980ல வந்த டிசைன்தான், ஆனா நிப்பை மட்டும் கழட்டி மாத்திக்கலாம், மெல்லிசா எழுதுற ஃபைனா, கொஞ்சம் தடிமனான மீடியமானு கைக்குத் தெரிஞ்சப்புறம் அடுத்தது.

பாரிமுனை: சென்னைனா ஜெம் அண்ட் கோ பேனா கடைக்குப் போய் எழுதிப் பாத்து வாங்குங்க. ஆனா எபோனைட், அதாவது கெட்டி ரப்பர் பேனா பலதுல நேரா உள்ளயே மை ஊத்துறது, மை கால்வாசிக்குக் கீழ போச்சுன்னா கைச்சூட்டுல காத்து விரிஞ்சு சொட்டும், என் வெள்ளைச் சட்டை ரெண்டு காலி.

மைக்கறை: இந்தியன் இங்க், அதான் படம் வரையுற கறுப்பு மை, அதை மட்டும் ஊத்திடாதீங்க, அதுல ஷெல்லாக்னு அரக்கு இருக்கு, காஞ்சா போகவே போகாது.

கேட்டவர்: அய்யோ, வீட்ல அதான் இருக்கு!