கலைச்சொல்: டாலர்னா கையுறைப் பின்னலுக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

சுவீடனின் டாலர்னா பகுதியில் குளிர்காலக் கையுறை பின்னும் பழைய முறை ஒன்றைக் கற்றுவருகிறேன். அங்கே அதற்குப் பெயர் த்வோஎண்ட்ஸ்டிக்னிங். ஒரே நூற்பந்தின் உள்நுனியையும் வெளிநுனியையும் எடுத்து, ஒரு கண்ணி இதில், அடுத்த கண்ணி அதில் என்று மாற்றி மாற்றிப் பின்னுவார்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு இழைகளும் அரைச்சுற்று முறுக்கிக்கொள்ளும். ஃபாலுன் நகரில் 1974-இல் மண்ணுக்கடியில் கிடைத்த 17ஆம் நூற்றாண்டுக் கையுறை இப்படிப் பின்னியதுதான். செய்முறையைத் தமிழில் எழுத ஆசை. 'ஈரிழைப் பின்னல்' எனலாமா?

மறுமொழி:

ஈரிழை வேண்டாம் அம்மா. கடையில் போய் ஈரிழை என்றால் துண்டைத்தான் எடுத்துப் போடுவார்கள். தவிர, இரண்டு நிற நூலில் பூவேலை செய்வதும் ஈரிழைதானே? இந்த முறைக்கு முறுக்குதான் உயிர். 'முறுக்குப் பின்னல்' என்று வைத்துவிடலாமே.

மறுமொழி:

ஐயா, பலகார நினைப்பு வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கயிறு திரித்தாற்போல் தெரியும் கேபிள் டிசைனையும் முறுக்கு என்றுதான் சொல்ல வரும். அதில் முறுக்கு கண்ணுக்கு நேராகத் தெரியும். இதில் வெளிப்பக்கம் சாதாரணப் பின்னல் போலவே இருக்கும். உள்ளே புரட்டினால்தான் வரிவரியாக முறுக்கு ஓடுவது தெரியும். காற்று புகாத அடர்த்தியும், ஓர் இழை அறுந்தாலும் கடகடவென்று பிரிந்து வராத உறுதியும் அங்கிருந்துதான் வருகின்றன. வேலை மெதுவாகத்தான் நகரும், அது வேறு.

சுவீடன்காரர்கள் 'இரண்டு முனை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கற்பவருக்கு அதுதான் நல்லது: பெயரைக் கேட்டதுமே பந்தின் இரண்டு முனைகளையும் தேடுவார். 'இருமுனை' என்றால் தேர்தல் போட்டி மாதிரி இருக்கிறது. ஊசி கோக்கும்போது நூல் நுனி என்றுதானே சொல்கிறோம்? 'இருநுனிப் பின்னல்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

இன்னொரு சிக்கல், நூலின் முறுக்குத் திசை. இந்த வேலைக்கு மரபாக எடுப்பது இசட் முறுக்கு நூல். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது எஸ் முறுக்கு. வலம்புரி, இடம்புரி என்ற அழகான சொற்கள் கைவசம் இருக்கின்றன, எனக்கும் ஆசைதான். ஆனால் நாம் வலம்புரி என்னும் சங்கை விலங்கியலில் இடப்பக்கம் சுருண்டது என்கிறார்கள். அந்த வழக்கை நூலுக்கும் இழுத்துவர வேண்டாம். எழுத்தின் நடுக்கோடு சாய்வதைப் பார்த்தே திசை புரிந்துவிடும் என்பதால் இசட், எஸ் அப்படியே இருக்கட்டும்.

மறுமொழி:

இருநுனி சரி, எடுத்துக்கொள்கிறேன். அப்புறம் 'க்ரூக்மாஸ்கா' என்று ஒன்று இருக்கிறது. ஓர் இழையை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வைத்துக்கொண்டு, முன்னிழையில் புறக்கண்ணியும் (பர்ல், மேடு நம் பக்கம் விழுவது) பின்னிழையில் நேர்க்கண்ணியும் (நிட், சாதாரணக் கண்ணி) போட்டால் மணிக்கட்டுப் பகுதியில் மேடான கோலம் எழும். அதற்குக் 'கொக்கிக் கண்ணி' போதுமா? குரோஷாவைக் கொக்கிப் பின்னல் என்பவர்கள் குழம்புவார்களோ என்று மட்டும் யோசனை. பின்னப் பின்ன நூலில் ஏறும் முறுக்கைப் பந்தைத் தொங்கவிட்டுச் சுழலவைத்து எடுப்பதற்குப் புதுச்சொல் தேவையில்லை. 'முறுக்கு எடுத்தல்' என்றே எழுதிவிடுகிறேன்.