ஒரே பைக்ல ரெண்டு எஞ்சின் எதுக்கு? பழைய நைட்ரோ டிராக் பைக் பத்தி தெரிஞ்சவங்க வாங்க

பழையஇரும்பு:
வணக்கம் மக்களே. பழைய புத்தகக் கடையில ஒரு அமெரிக்க பைக் பத்திரிகை மாட்டுச்சு, அட்டை கிழிஞ்சு தேதி கூட தெரியல. உள்ள கருப்பு வெள்ளையில ஒரு போட்டோ. பைக்னு தான் சொல்லணும், ஆனா ஒண்ணு பின்னால ஒண்ணா ரெண்டு எஞ்சின் உக்காந்திருக்கு, பின் டயர் கார் டயர் மாதிரி அகலம், ஓட்டுறவர் காலை ரெண்டையும் பின்னால நீட்டிட்டு படுத்துக் கிடக்கார், டயர்லேர்ந்து புகை மேகம். கீழ நைட்ரோன்னு ஒரு வார்த்தை மட்டும் படிக்க முடியுது, மிச்சம் கரையான் சாப்பிட்டுடுச்சு.

என் கேள்வி ரெண்டு. ஒண்ணு, இந்த நைட்ரோங்கறது சினிமால பட்டன் அமுக்கினா நீல நெருப்பு வருமே அந்த சிலிண்டர் சமாச்சாரமா? ரெண்டு, எதுக்குய்யா ரெண்டு எஞ்சின், ஒண்ணையே பெருசா செஞ்சிருக்கலாம்ல?

கார்புரேட்டர்கண்ணன்:
இல்ல ப்ரோ, எல்லாரும் குழப்பிக்கற இடம் இது தான். சினிமால வர்றது நைட்ரஸ் ஆக்சைடு, அது கேஸ், பெட்ரோல் எஞ்சினுக்கு கூடுதலா ஆக்சிஜன் குடுக்கும், அவ்ளோ தான். உங்க போட்டோல இருக்கறது நைட்ரோமீத்தேன். அது திரவம், அதுவே எரிபொருள், டாங்க்ல ஊத்தி ஓட்டுறது, கூட மெத்தனால் கலப்பாங்க.

அதோட சூட்சுமம் என்னன்னா அந்த மூலக்கூறுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். ஆனா ஒரு கிலோவுல கிடைக்கற சக்தி பெட்ரோல்ல பாத்தா கால் பங்கு தான், அதனால இது மட்டமான எரிபொருள்னு தோணும். அங்க தான் கணக்கு மாறுது. எஞ்சின் உள்ள இழுக்கற காத்துக்கு ஒரு அளவு இருக்கு, அதே காத்துக்கு பெட்ரோலை விட எட்டு மடங்குக்கு மேல நைட்ரோவை உள்ள தள்ளலாம், எட்டு மடங்கு இன்டு கால் பங்குன்னா ரெண்டு மடங்குக்கு மேல சக்தி, அதே எஞ்சின், அதே சிசி. அதனால தான் அந்த பைக்குங்க பெட்ரோலை குடிக்கற மாதிரி இல்ல, குழாய் திறந்து விட்ட மாதிரி குடிக்கும்.

தப்பா போனாலும் அதே வேகத்துல போகும். ஒரு சிலிண்டர்ல தீ பிடிக்கலன்னா அந்த திரவம் அப்படியே உள்ள தேங்கும், திரவத்தை பிஸ்டன் அமுக்க முடியாது, அப்புறம் கனெக்டிங் ராடு வளையும் இல்லன்னா சிலிண்டரே பிச்சுக்கிட்டு மேல போகும். படுத்து ஓட்டுற ஆளோட நெஞ்சுக்கு கீழ தான் இதெல்லாம் நடக்குதுன்னு ஞாபகம் வச்சுக்குங்க.

ரெண்டு எஞ்சின் கேள்விக்கு வேற யாராச்சும் வாங்க, நான் கெமிஸ்ட்ரி மட்டும்.

கண்ணெரிச்சல்:
கெமிஸ்ட்ரி சரி, ஆனா அந்த வாசனைய சொல்லாம விட்டுட்டீங்களே கண்ணன்.

கலிஃபோர்னியால சில வருஷம் வேலை பாத்தேன், அப்போ கூட வேலை பாத்த ஒரு பெரியவர் என்னை பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கத்துல ஃபமோசோ ஸ்ட்ரிப்புக்கு கூட்டிட்டு போனார், பழைய டிராக் ரேஸ் (நேர் ரோட்டுல கால் மைல் பந்தயம்) ஆளுங்க வருஷா வருஷம் கூடுற இடம். ஒரு பழைய நைட்ரோ பைக்கை ஸ்டார்ட் பண்ணாங்க. கிக்கர், பட்டன் எதுவும் கிடையாது, பின் சக்கரத்தை ரோலர் மேல வச்சு சுத்தி விட்டு, வாய் குறுகின பாட்டில்லேர்ந்து கொஞ்சம் பெட்ரோல் பீச்சி, எஞ்சின் பிடிச்சதும் நைட்ரோவை திறந்து விடுறாங்க. அது வரைக்கும் சாதாரண பைக் சத்தம் தான். நைட்ரோ உள்ள போன அந்த நொடி சத்தம் மாறிடும் பாருங்க, ஐடிலிங்ல கூட ஒவ்வொரு வெடியும் தனித்தனியா காதுல இல்ல, விலா எலும்புல கேக்கும். நான் சும்மா பத்தடி தள்ளி நின்னேன், ரெண்டே நிமிஷத்துல கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது, மூக்கு எரியுது. புகையில நைட்ரிக் ஆசிட் ஆவி இருக்கறதால அப்படி. நான் பின்னால ஓடுறேன், அந்த பெரியவர் முன்னால போய் மூச்சை இழுத்துட்டு நிக்கறார். அன்னிக்கு வச்ச பேரு தான் இங்க என் ஐடி.

அவர் சின்ன பையனா இருந்தப்போ லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்ல ஒரு பைக் டீமுக்கு கேன் தூக்குற எடுபிடி. லயன்ஸ்னா லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தை ஒட்டி வில்மிங்டன்ல இருந்தது, 1955ல திறந்தது. கடல் மட்டம், ராத்திரி ஆனா குளிர்ந்த கனமான காத்து, எஞ்சினுக்கு அதை விட நல்ல இடம் கிடையாதுன்னு சொல்லுவார். ஒவ்வொரு ஓட்டத்துக்கு அப்புறமும் எண்ணெய் மாத்துறது அவர் வேலை, எரியாத நைட்ரோ கீழ இறங்கி எண்ணெயில கலந்துடும், வடிச்சா மோர் மாதிரி வரும்பார். மொத்தமே கால் மைல், 402 மீட்டர், அதுக்கு ஒரு எண்ணெய் மாத்தம்! 1972 டிசம்பர் 2 கடைசி ராத்திரி, கூட்டம் கூட்டமா வந்தவங்க போகும்போது போர்டு, பலகைன்னு கையில கிடைச்சதை எல்லாம் பிச்சுட்டு போய்ட்டாங்களாம் ஞாபகத்துக்கு. அவர் வீட்டு கேரேஜ்ல ஒரு மரத்துண்டு தொங்கும், எங்கேர்ந்துன்னு நான் கேக்கவே இல்ல 😄

ஒத்தஎஞ்சின்:
நினைவெல்லாம் அழகு தான் அண்ணே, ஆனா கேள்விக்கு நேர் பதில் சொல்றேன், ரெண்டு எஞ்சின் ஒரு தப்பான வழி, அந்த காலத்துக்கு வேற வழி தெரியல, அவ்ளோ தான். பழைய டிரயம்ப் 650க்கு மேல ஒரு அளவுக்கு பெருசாக்க முடியாது, நைட்ரோ அளவை ஏத்தினா கிராங்க் கேஸ் (எஞ்சினோட கீழ்ப்பெட்டி) பொளந்துக்கும், சரி இன்னொண்ணை சேத்து கட்டுன்னு முன் எஞ்சினோட கிராங்க்கையும் பின் எஞ்சினோட கிராங்க்கையும் செயின்ல இணைச்சுட்டாங்க. போரிஸ் மர்ரே 60கள் கடைசியில அப்படி ரெட்டை டிரயம்ப்ல கலக்கினார். கூடவே எடை கூடுது, ரெண்டையும் ஒண்ணா டியூன் பண்ணணும், ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ணு அதையும் சேத்து இழுக்கணும், நடுவுல செயின் அறுந்தா காலு போச்சு.

இதோட உச்சம் ரஸ் காலின்ஸ். மூணு ஹோண்டா சிபி 750 எஞ்சின், பன்னெண்டு சிலிண்டர்! அதுக்கு ஒரு ரயில்வே கம்பெனி பேரையே வச்சார், அட்சிசன் டொபீகா அண்ட் சான்டா ஃபே. கால் மைலை 7.86 விநாடியில ஓடுச்சு, ஆனா 1976ல அக்ரான்ல பெரிய விபத்து, மனுஷன் ஆஸ்பத்திரியில. அப்புறம் அவரே மூணை விட்டுட்டு ரெண்டு எஞ்சின், மேல சூப்பர்சார்ஜர் (காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுற பம்ப்) வச்சு சார்சரர்னு ஒண்ணு கட்டினார், 1977ல 7.30 விநாடி, மணிக்கு 199.55 மைல் வேகம். பாருங்க, மூணுலேர்ந்து ரெண்டு. அடுத்து 1980ல போ ஓப்ராக்டா சூப்பர்சார்ஜர் வச்ச ஒத்த கவாஸாகி எஞ்சின்ல 6.98. ரெண்டுலேர்ந்து ஒண்ணு. 1983ல எல்மர் டிரெட் 200 மைலை தாண்டினதும் ஒத்த எஞ்சின், 1999ல லாரி மெக்பிரைடு 5.99ன்னு ஆறு விநாடிக்கு கீழ வந்ததும் ஒத்த எஞ்சின். கேஸ் முடிஞ்சது.

கண்ணெரிச்சல்:
தம்பி, கணக்கு எல்லாம் சரி, தீர்ப்பு தான் தப்பு.

அந்த காலத்து ஆளுங்களுக்கு சக்தி பத்தல்லேங்கறது பிரச்சனையே இல்ல. அதை ரோட்டுக்கு கொண்டு போறது தான் பிரச்சனை. 60கள்ல பெரும்பாலும் ஒரே கியர், கிளட்ச் விட்டதும் டயர் சுத்த ஆரம்பிச்சா கால் மைல் முழுக்க புகைஞ்சுட்டே போகும், டயர் தான் அங்க கிளட்ச் வேலை பாக்குது. வீலி பார் (வண்டி பின்னால சாயாம தடுக்கற பின்பக்க கம்பி) கிடையாது, முன் சக்கரம் தூக்காம இருக்க வண்டி நீளமா இருக்கணும், முன்பக்கம் கனம் இருக்கணும், ஓட்டுறவர் உடம்பையே எடைக்கல்லா முன்னால போட்டு படுப்பார். அந்த நிலைமையில முன்னால ஒரு எஞ்சினை வச்சா சக்தியும் கிடைக்குது, முன்பக்கத்துக்கு கனமும் கிடைக்குது, சேசிஸ் தானா நீளுது. அது தப்பான வழியா? இருந்த டயருக்கு அது தான் சரியான வழி.

மாத்தினது எது தெரியுமா, ஸ்லிப்பர் கிளட்ச். ஹாக்ஸ்லேயர் கேள்விப்பட்டிருப்பீங்களே, விஸ்கான்சின்ல கினோஷாங்கற ஊர்ல ஜான் கிரிகரி கட்டினது, டி.சி. கிறிஸ்டென்சன் ஓட்டினது. ரெண்டு நார்ட்டன் கமாண்டோ எஞ்சின். ஹாக்னா ஹார்லி, அதை வெட்டுறவன்னு பேர்லயே சண்டை. 1971ல ஜோ ஸ்மித் ஹார்லியில லயன்ஸ்ல 8.97 ஓட்டி முதல்முறையா ஒன்பது விநாடிக்கு கீழ வந்ததும் இனி ஹார்லி ராஜ்ஜியம்னு தான் எல்லாரும் நினைச்சாங்க. இவங்க கார் பக்கத்துலேர்ந்து யோசனையை எடுத்து, சுத்துற வேகம் ஏற ஏற தானா மெல்ல இறுகுற கிளட்ச் வச்சாங்க, பின்னால அகலமான ஸ்லிக், அதாவது வெட்டு இல்லாத வழவழ டயர். கிளம்பும்போது டயர் புகையல, கிளட்ச் வழுக்கி டயர் பிடிச்சுக்கிச்சு. 70களோட முதல் பாதியில அதை தோக்கடிக்க ஆளில்லாத மாதிரி ஓடிச்சு, எட்டுக்கும் கீழ வந்துச்சு. டயரும் கிளட்ச்சும் சக்தியை தாங்க பழகினப்புறம் தான் சூப்பர்சார்ஜர் வச்ச ஒத்த எஞ்சினுக்கு வாழ்வு வந்துச்சு. வரிசை அது தான்.

டிரெட் பேரை சும்மா வேகக் கணக்கா போட்டுட்டு போய்ட்டீங்க. 1996ல இண்டியனாபொலிஸ்ல ஓட்டும்போதே போனவர் அவர். அந்த பெரியவர் கிட்ட அந்த பேரை எடுத்தா பேச்சை நிறுத்திடுவார்.

ஒத்தஎஞ்சின்:
டிரெட் விஷயத்துல மன்னிச்சுக்குங்க அண்ணே. கிளட்ச் பாயிண்ட் ஒத்துக்கறேன். மூணு எஞ்சினை மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

கண்ணெரிச்சல்:
மூணை நானும் ஒத்துக்கல 😂

ஸ்ப்ராக்கெட்சுந்தரி:
நானும் கொஞ்சம் சேக்கறேன், எல்லாரும் 60கள்லேர்ந்து ஆரம்பிக்கறீங்க. 1950ல சான்டா அனாவுல ஒரு சின்ன விமான தளத்துல பாப்பி ஹார்ட் காசு வாங்கி ரேஸ் விட ஆரம்பிச்சப்போவே காருங்களை ஓட ஓட விரட்டினது ஒரு ஹார்லி தான், பேரு தி பீஸ்ட். செட் ஹெர்பர்ட் கட்டினது. அவருக்கு போலியோ, சக்கர நாற்காலியில இருந்தவர், தன்னால ஓட்ட முடியாத பைக்கை கட்டி அதுல எல்லா ஹாட் ராடு (வேகத்துக்காக மாத்தி கட்டின கார்) காரனையும் அவமானப்படுத்தினார், பின்னால ரோலர் கேம்ஷாஃப்டுக்கு பேர் போனவரும் அவரே. எனக்கு இந்த மொத்த கதையிலயும் பிடிச்ச ஆள் அவர் தான், ஹாக்ஸ்லேயர் எல்லாம் அப்புறம்.

இன்னொண்ணு, 1957லேர்ந்து 1963 வரைக்கும் என்ஹெச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் சங்கம்) நைட்ரோவை தடை பண்ணி வச்சிருந்துச்சு, பெட்ரோல் மட்டும் தான். ஆனா அவங்க கைக்கு வெளிய இருந்த ஸ்ட்ரிப்கள்ல நைட்ரோ ஓடிட்டே இருந்துச்சு, அதனால அந்த ஞானம் சாகல.

அப்புறம் தலைப்புக்கு வெளிய ஒரு ஆள், ஈ.ஜே. பாட்டர், மிச்சிகன் பைத்தியம்னே பட்டப்பேர். பைக்ல ஷெவர்லே வி8 கார் எஞ்சின். கிளட்ச் எதுக்கு வீண் செலவுன்னு பின் சக்கரத்தை ஸ்டாண்டுல தூக்கி வச்சு முழுசா முறுக்கிட்டு ஸ்டாண்டுலேர்ந்து அப்படியே கீழ இறக்குவார். கிளட்ச் சண்டை போடுற ரெண்டு பேரும் அவரை ஒரு தடவை நினைச்சுக்குங்க.

பழையஇரும்பு:
யப்பா, ரெண்டு கேள்விக்கு இவ்ளோவா! எல்லாருக்கும் நன்றி. சுந்தரி அக்கா, அந்த ஸ்டாண்டு மேட்டரை படிச்சுட்டு அரை மணி நேரம் வேலை ஓடல.

சரி இப்போ என் போட்டோல இருக்கறது எதுன்னு கண்டுபிடிக்க வழி இருக்கா? ஸ்கேனர் இல்ல, போன்ல எடுத்தா வெறும் புள்ளி புள்ளியா வருது.

கண்ணெரிச்சல்:
சிலிண்டர் எப்படி இருக்குன்னு பாருங்க. வி மாதிரி விரிஞ்சிருந்தா ஹார்லி. ஜோடியா பக்கத்து பக்கத்துல நின்னா டிரயம்ப் இல்லன்னா நார்ட்டன். அதுலயும் நட்ட குத்துக்கல்லு மாதிரி நேரா நின்னா டிரயம்ப், லேசா முன்னால சாஞ்சிருந்தா கமாண்டோ எஞ்சின். டாங்க்ல எழுத்து இருந்தா அதையும் பாருங்க.

பழையஇரும்பு:
லென்ஸ் வச்சு பாத்தேன் அண்ணே. ரெண்டுமே முன்னால சாஞ்சிருக்கு, நல்லாவே தெரியுது. டாங்க்ல எழுத்து இருக்கு, முன் பாதி மேல ஓட்டுறவர் கை கிடக்கு, மிச்சத்துல "லேயர்"னு மட்டும் படிக்க முடியுது.

கண்ணெரிச்சல்:
அந்த பக்கத்தை லேமினேட் பண்ணிடாதீங்க, சாதா பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க. எவ்ளோ சொல்றீங்க?