அப்பா விழுந்த அன்று ஸ்கேன் நார்மல், இப்போது கால் இழுக்கிறது

உறையூர்க்காரன்:
அப்பாவுக்கு 74 வயது. போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடி. அன்றைக்கே சி.டி. ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது ரெண்டு நாளாக இடது காலை இழுத்து நடக்கிறார். சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்கிறார். ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் ரெண்டும் ஓடுகிறது. சித்தப்பா வயசுக் கோளாறு என்கிறார். அப்படித்தானா?

வார்டு சிஸ்டர்:
தம்பி, நான் நியூரோ சர்ஜரி வார்டு நர்ஸ். இன்றைக்கே கூட்டிப் போங்கள். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும். மூளைக்கும் மேலுறைக்கும் நடுவே போகும் சின்னச் சிரைகள் இழுபட்டு நிற்கும். லேசான அடியிலேயே அவை அறுந்து, ரத்தம் வாரக்கணக்கில் கசிந்து தேங்கும். சப்டியூரல் ரத்தக்கசிவு என்பது இதுதான். முதல் நாள் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். உங்கள் அப்பா சாப்பிடும் மாத்திரைகள் கசிவைக் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது வேறு வம்பு. டாக்டர் சொல்லட்டும். இதுதான் என்றால் பெரும்பாலும் மண்டையோட்டில் சிறு துளை போட்டு வடித்துவிடுவார்கள். அப்புறம் நடந்தே வீட்டுக்குப் போனவர்கள் நிறையப் பேர்.

பல்சர் பாண்டி:
கசிவு என்றால் சில மணி நேரத்தில் தெரிந்துவிடாதா சிஸ்டர்? நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009இல் கனடாவில் பனிச்சறுக்கில் விழுந்தார். நன்றாகத்தான் பேசினார், ஆம்புலன்ஸ்கூட வேண்டாம் என்றார். ரெண்டு நாளில் போய்விட்டார்.

வார்டு சிஸ்டர்:
அது எபிடியூரல், மேலுறைக்கும் எலும்புக்கும் நடுவே ரத்தம் சேர்வது. காதுக்கு மேலே எலும்பு மெல்லிசு. அது உடைந்தால் உள்ளே ஓடும் தமனி கிழியும், ரத்தம் வேகமாகச் சேரும். ஹெல்மெட் போடாத பையன்களிடம் பார்க்கிறோம். எழுந்து உட்கார்ந்து டீ கேட்பான், கொஞ்ச நேரத்தில் வாந்தி, மயக்கம், ஒரு கண்ணின் பாப்பா விரிந்திருக்கும். கன்கஷன், அதாவது அடியில் மூளை குலுங்குவது, இன்னொரு ரகம்: ஸ்கேன் சுத்தமாக இருக்கும், தலைவலியும் மந்தமும் சில நாள் படுத்தும், ஓய்வில் சரியாகும். வாரங்கள் கழித்துப் புதிதாகக் கால் இழுப்பதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உறையூர்க்காரன்:
108க்குச் சொல்லிவிட்டோம். கிளம்பும் முன் இட்லி கொடுக்கட்டுமா?

வார்டு சிஸ்டர்:
வேண்டாம். ஆபரேஷன் என்றால் வெறும் வயிறாக இருக்க வேண்டும். சுகர் இருந்தால் ஆம்புலன்ஸில் வருபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பழைய ஸ்கேன் பிலிம், மாத்திரைச் சீட்டு ரெண்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.